உருகும் மூலதனம்: சென்னைக் கடற்கரைக்கு வந்த பனிக்கட்டியின் வரலாறு

சென்னைத் திருவல்லிக்கேணிக்கு ஒருமுறையேனும் வந்து சென்றவர்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். காவல் நிலையத்துக்கு அந்தப் பெயர் உண்டு. பேருந்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயணச்சீட்டு வாங்குகிறோம். வெளியூரிலிருந்து வரும் உறவினருக்கும் ‘ஐஸ் ஹவுஸ் பக்கம்’ என்றே வழி சொல்கிறோம். அங்கே ஐஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஒரு பொருளை வைப்பதற்கென்றே தனியாக ஒரு மாளிகை எழுந்தது. அந்தப் பொருளின் பெயரே ஒரு வட்டாரத்தின் பெயராகவும் ஆனது. அவ்வளவு அரிதாக அது ஒரு காலத்தில் இருந்தது என்பதை இன்று அந்தப் பெயர் ஒன்றுதான் நினைவூட்டுகிறது.

அதே கடற்கரையில் தெற்கே சில கிலோமீட்டர் சென்றால், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் அருகே ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. பெசன்ட் நகருக்கும் பிரம்மஞான சபையின் தோட்டத்துக்கும் அண்டையிலுள்ள மீனவர் குடியிருப்பு அது. 1882இல் அந்தச் சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்த அமெரிக்கரான கர்னல் ஹென்றி ஒல்காட்டின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. அங்கே மீன் விற்கும் பெண்களின் கூடைகளிலும் பெட்டிகளிலும் நாள்தோறும் ஐஸ் இருக்கிறது. உடைத்த ஐஸை மீனின்மேல் அள்ளிப் போடும்போது அதை யாரும் வியந்து பார்ப்பதில்லை. மாலையில் அது உருகி மணலில் வடிந்துவிடுகிறது.

ஒரு முனையில் மாளிகையில் வைத்துக் காக்கப்பட்ட பனிக்கட்டி. மறுமுனையில் மணலில் வடியும் பனிக்கட்டி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள். இந்த இடைவெளியில் நிகழ்ந்தது என்ன? ஒரு நிஃமத் அரிதாக இருந்தபோது அதற்கு இருந்த மதிப்பு, அது மலிந்தபின் குறைந்துவிட வேண்டுமா? இந்த இரு கேள்விகளையும் வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனி காணாத மண்ணில் ஒரு துஆ

மதரஸாவில் பிள்ளைகளுக்கு நாம் மனனம் செய்விக்கும் துஆக்களில், தொழுகையின் தொடக்கத்தில் ஓதப்படும் ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் தக்பீருக்கும் கிராஅத்துக்கும் இடையில் ஓதியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த துஆ புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அதில் பாவங்களைக் கழுவித் தூய்மைப்படுத்துமாறு வேண்டும்போது நீர், பனி, ஆலங்கட்டி ஆகிய மூன்றும் குறிப்பிடப்படுகின்றன. ஜனாஸாத் தொழுகையில் மய்யித்துக்காகக் கேட்கும் துஆவிலும் இதே மூன்றும் வருகின்றன. நபியவர்கள் அதனை ஒரு ஜனாஸாவில் ஓதக் கேட்டு மனனம் செய்த அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், அந்த மய்யித்தாகத் தாம் இருந்திருக்கலாகாதா என்று ஏங்கியதாக முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது.

இந்த துஆவை ஓதுபவர்கள் ஒரு நிமிடம் ஹிஜாஸ் நாட்டின் வெயிலை நினைத்துப் பார்க்க வேண்டும். பனி என்பது அங்கே கையெட்டும் பொருளன்று. ஷாம் நாட்டுக்கு வணிகம் செல்பவர் மலைமுகடுகளில் கண்டிருக்கலாம். அரிதாக ஒரு புயல்மழையில் ஆலங்கட்டி விழுந்திருக்கலாம். மனிதக் கை படாமல் வானிலிருந்து இறங்கும் தூய்மையும், பாவத்தின் தகிப்பைத் தணிக்கும் குளிர்ச்சியும் ஒருங்கே அந்தச் சொற்களில் இருக்கின்றன என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். தமக்கு எட்டாத ஒரு நிஃமத்தைச் சுட்டி அல்லாஹ்வின் மன்னிப்பை வேண்டும்படி அந்தச் சமூகத்துக்குக் கற்பிக்கப்பட்டது. இன்று அதே துஆவை, ஐஸ் பெட்டி உள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளை ஓதுகிறது.

குளிர்ந்த நீரை நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள் என்பதும் ஹதீஸ்களில் தெளிவாக உள்ளது. பானங்களில் இனிப்பும் குளிர்ச்சியும் உடையதே அவர்களுக்கு மிகப் பிரியமானதாக இருந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. ஸுக்யா என்னும் இடத்திலிருந்து அவர்களுக்காக நன்னீர் கொண்டுவரப்பட்டது என்று அபூதாவூத் அறிவிக்கிறது. ஒருமுறை அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குச் சென்றபோது, இரவு முழுவதும் தோல்பையில் இருந்த நீர் உண்டா என்று கேட்டார்கள். அவர் அந்த நீரை ஊற்றி, அதில் ஆட்டுப்பாலைக் கறந்து கொடுத்தார். இது புகாரியில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு.

தோல்பையில் இரவு தங்கிய நீர் ஏன் குளிர்கிறது? பையின் துளைகள் வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நம் வீட்டு மண்பானையும் இதே முறையில்தான் நீரைக் குளிர்விக்கிறது. ஏழைக்கும் எட்டிய குளிர்ச்சி அது ஒன்றே. அதற்குமேல் வேண்டுமென்றால் மலை வேண்டும், ஒட்டகம் வேண்டும், அல்லது அரியணை வேண்டும்.

கலீஃபாவின் பனி, பாதுஷாவின் பனி

அப்பாஸியக் கலீஃபா மஹ்தீ ஹிஜ்ரி 160ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 777இல், ஹஜ்ஜுக்குச் சென்றார். அப்போது முஹம்மத் இப்னு சுலைமான் என்பவர் அவருக்காக மக்காவுக்குப் பனி கொண்டுவரச் செய்தார். மக்காவுக்குப் பனி கொண்டுவரப்பட்ட முதல் கலீஃபா அவரே என்று வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். ஒரு ஹஜ்ஜில் நிகழ்ந்த எத்தனையோ செய்திகளுக்கு நடுவே இதையும் ஒரு நிகழ்ச்சியாக அவர் எழுதிவைத்தார். ஒரு பாத்திரம் பனி என்பது வரலாற்றில் இடம்பெறத் தக்க செய்தியாக அன்று இருந்தது.

கி.பி. 1187 ஜூலையில் ஹித்தீன் போர் முடிந்தபின், சிறைப்பட்ட சிலுவைப்படை மன்னர் கய் தாகத்தால் வாடிய நிலையில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் கூடாரத்துக்குக் கொண்டுவரப்பட்டார். சுல்தான் அவருக்குப் பனியிட்டுக் குளிர்வித்த பானத்தை அளித்தார். சிறைப்பிடித்தவனின் உணவையோ நீரையோ உண்ட கைதிக்கு உயிர்ப்பாதுகாப்பு உண்டு என்பது அரபுகளின் மரபு. ஆகவே அந்தக் கோப்பை அடைக்கலத்தின் அடையாளமாக அமைந்தது. அரிய பொருளைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தோற்ற பகைவருக்கு நீட்டினார் சுல்தான். அதனாலேயே அந்தக் கோப்பையை எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவில் முகலாயர் அரண்மனையின் குளிர்ச்சியைப் பற்றி அபுல் ஃபஸ்ல் தம் ஆயினே அக்பரியில் விரிவாக எழுதியிருக்கிறார். பாதுஷா அக்பரின் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிர்வித்தனர். வெடியுப்பு நீரில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கரைசலில், வாய் மூடிய நீர்க்குடுவையை வைத்துச் சிறிது நேரம் சுழற்றினால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். வெடிமருந்தில் நெருப்பைக் கக்கும் அதே உப்பு இங்கே குளிரைத் தருகிறது. 1586 முதல், அரசவை பஞ்சாபில் இருந்த காலத்தில், வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனி வரத் தொடங்கியது. படகிலும் வண்டியிலும் ஆள்சுமையாகவும் அது கொண்டுவரப்பட்டது. பிரபுக்கள் அதை ஆண்டு முழுவதும் பயன்படுத்தினர். மற்றவர்களுக்குக் கோடையில் மட்டும் கிடைத்தது.

மலைக்கு அருகிலிருந்த லாகூரிலேயே இந்த நிலை. வங்காளத்திலும் வட இந்தியச் சமவெளியிலும், குளிர்கால இரவுகளில் ஆழமற்ற மண்சட்டிகளில் நீரை ஊற்றித் திறந்தவெளியில் வைத்து, விடியலில் படியும் மெல்லிய பனித்தகட்டைத் திரட்டிச் சேமித்தார்கள். மதராஸில் அதற்கும் வழியில்லை. மார்கழியிலும் நீர் உறையாத கடற்கரை இது. இங்கே பனிக்கட்டி என்ற பொருளைக் கண்ணால் கண்டவரே மிகச் சிலர்.

பாஸ்டன் குளத்திலிருந்து மதராஸ் கரைக்கு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் இருந்தார். அந்த நாட்டில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துபோகும். எவருக்கும் பயன்படாமல் கிடந்த அந்தப் பனியை வெட்டி வெப்ப நாடுகளில் விற்கலாம் என்று அவர் எண்ணினார். 1806இல் மேற்கிந்தியத் தீவான மார்டினிக்குக்கு முதல் சரக்கை அனுப்பியபோது ஊரார் நகைத்தனர். நட்டமும் வந்தது, கடனுக்காகச் சிறையும் சென்றார். ஆனாலும் விடவில்லை. 1825இல் நத்தானியேல் வயத் என்பவர், குதிரை பூட்டி இழுக்கும் ஏர் போன்ற கருவியால் குளத்துப் பனியைச் சதுரக் கட்டிகளாக அறுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் பனிக்கட்டி வணிகம் விரிந்தது.

1833 மே 12 அன்று ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வர வேண்டும். நான்கு மாதப் பயணம். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. அரசாங்கம் அதற்குச் சுங்கவரியை விலக்கியது. தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், சரக்கைக் கொண்டுவந்த முகவருக்கு வெள்ளிக்கோப்பை பரிசளித்தார்.

நான்கு மாத வெயிலில் பனி எப்படித் தாக்குப்பிடித்தது? கட்டிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கினால் வெளிக்காற்று படும் பரப்பு குறையும். சுற்றிலும் மரத்தூளைத் திணித்தால் அதற்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடாது. இவற்றுக்கும் மேலாக, அல்லாஹ் நீரில் வைத்துள்ள ஓர் இயல்பு உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி முழுதும் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், உருகி வந்த அந்த ஒரு கிலோ நீரை 80 பாகை வரை சூடேற்றப் போதுமானது. பனி எளிதில் உருகுவதுபோல் தோன்றினாலும் அது உருகுவதற்குப் பெரும் வெப்பம் தேவைப்படுகிறது. மரத்தூள் ஆலைகளில் கழிவாகக் கிடந்தது. பனி குளத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. விலையற்ற இரண்டு பொருள்கள் ஒன்றுசேர்ந்து, கடல் கடந்தவுடன் செல்வந்தர் மேசைக்குரியவை ஆயின.

கல்கத்தாவைத் தொடர்ந்து மதராஸுக்கும் பனிக்கட்டி வந்தது. அதைச் சேமிக்கவே 1842இல் கடற்கரையை ஒட்டி வட்ட வடிவில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. நவாபுகளின் சேப்பாக்கம் மாளிகையும், 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த பனிக்கிடங்குகள் இன்று இல்லை. மூன்றில் எஞ்சியிருப்பது நம் நகரத்து மாளிகை மட்டுமே. அது பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாகியது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அதன் நினைவாக 1963இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது.

மதராஸுக்கு அன்று துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலை உடையும் பகுதியைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அவற்றை ஓட்டும் திறன் இந்தக் கரையின் மீனவர்களிடமே இருந்தது. ஆளுநரும் அவர்களை நம்பித்தான் கரையேறினார்; பனிக்கட்டியும் அவர்களை நம்பித்தான் கரையேறியது. அலைக்குள் படகைச் செலுத்திய அந்தக் கைகள் பனியின் குளிரை உணர்ந்திருக்கும். அதைப் போட்டுக் குடிக்கும் கோப்பை மட்டும் ஐரோப்பியருக்கும் செல்வந்தருக்கும் உரியதாக இருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ தாம் வாழ்ந்த வால்டன் குளத்தில் 1846–47 குளிர்காலத்தில் பனி வெட்டப்படுவதைக் கண்டார். மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடும் மக்கள் தம் குளத்து நீரைப் பருகுவதாக எண்ணி வியந்து, 1854இல் வெளியான தம் நூலில் எழுதினார். அவர் எண்ணத்தில் தோன்றிய மதராஸ்வாசி எவராயினும், படகோட்டிய மீனவராக இருந்திருக்க முடியாது.

அரிது அன்றாடமான விதம்

1874இல் மதராஸில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கப்பட்டு, நீராவி யந்திரத்தின் துணையால் இங்கேயே பனிக்கட்டி உற்பத்தியாகத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் கல்கத்தாவிலும் அத்தகைய ஆலை வந்தது. பாஸ்டன் பனிக்கு வேலையில்லாமல் போயிற்று. உலகின் மறுகோடியில் உள்ள குளம் தர வேண்டியிருந்ததை, உள்ளூர் நீரும் நிலக்கரியும் தந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நம் குடும்பங்களே அறியும். பாட்டனார் காலத்தில் ஐஸ் கடைக்குச் சென்று, மரத்தூள் ஒட்டிய கட்டியைச் சாக்கில் சுற்றி வாங்கிவந்தார்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் உருகிவிடாமல் அதைக் காப்பதே வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேலையாக இருந்தது. நன்னாரி சர்பத்தில் மிதக்கும் ஒரு துண்டு, ரமளான் மாதத்தின் தனி இன்பமாக இருந்தது. ‘ஷரிப’ என்றால் அரபியில் குடித்தான் என்று பொருள். அந்த வேரிலிருந்து பிறந்ததே ‘சர்பத்’ என்னும் சொல். 1958இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே குளிர்பதனப் பெட்டி தயாரித்தது. முதலில் தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தது; பிறகு சீர்வரிசையில் சேர்ந்தது; இன்று அது இல்லாத வீட்டைத்தான் நாம் குறிப்பிட்டுச் சொல்கிறோம். கலீஃபா மஹ்தீக்கு ஒரு ஹஜ்ஜில் கிடைத்தது, நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தால் கிடைக்கிறது.

கூடையின் கணக்கு

மீன்பிடித் தொழிலுக்குள் பனிக்கட்டி வந்த கதை வேறு. பன்னூறு ஆண்டுகளாக, அன்றன்று விற்காத மீனுக்கு ஒரே வழிதான் இருந்தது. உப்பிட்டு வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குவது. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, கேரளத்து நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. விசைப்படகு, ஐஸ் ஆலை, குளிர்காப்பு வண்டி ஆகியவை மீனவர் வாழ்வுக்குள் வருவதற்கு அது ஒரு முக்கியத் தொடக்கமாக அமைந்தது. பின்னர் கடற்கரை முழுவதும் அந்த மாற்றம் பரவியது. இன்று காசிமேட்டு விசைப்படகுகள் டன் கணக்கில் ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் பல நாள் கடலுக்குப் போகின்றன.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பெரும்பாலும் சிறிய ஃபைபர் படகுகள். போன அன்றே திரும்புபவை. பிடித்த மீன் கரையிலேயே ஏலம் போகும்; அல்லது பெண்கள் எடுத்துச் சென்று விற்பார்கள். வெயில் ஏற ஏற மீனின் உடலில் நுண்ணுயிர்கள் பெருகும். வெப்பத்தைப் பூஜ்ஜியத்துக்கு அருகே இறக்கினால் அவற்றின் பெருக்கம் தடைபடும். வெப்ப நாடுகளில் மீனின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இந்தக் கணக்கை அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முதல் மீனை விற்பதற்கு முன்பே ஐஸுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். நண்பகலுக்குள் மீண்டும் வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால் மாலையில் மீனின் விலை பாதியாகும். நமக்குச் சர்பத்தில் மிதக்கும் இன்பமாக இருப்பது, அவருக்கு அன்றைய முதலீடு. பனிக்கட்டி எல்லோருக்கும் மலிந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நமக்கு மலிந்திருக்கிறது. அவருக்கு இன்னும் விலையுள்ள பொருளாகவே இருக்கிறது.

மாலை மயங்கும் நேரத்தில் கூடையின் முன் நின்று, மீன் வீணாகிவிடும் என்ற அவரது அச்சத்தையே நம் பேரத்துக்கு ஆயுதமாக்குவது வணிகத் திறமையாகாது. விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைத் திருப்பிக் கேட்கும்போதும் தாராளமாக நடந்துகொள்பவருக்கு அல்லாஹ்வின் ரஹ்மத்தை வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். ஐஸ் உருகும் வேகம் தெரிந்தவருக்கு அந்த ஹதீஸின் பொருள் எளிதில் விளங்கும்.

ஐஸ் விற்றவர் கற்பித்த தஃப்ஸீர்

ஹிஜ்ரி 606இல் வஃபாத்தான இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள், அல் அஸ்ர் அத்தியாயத்தின் விரிவுரையில் முன்னோர் ஒருவரின் அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தின் பொருளை அந்தப் பெரியவர் கடைவீதியில் பனிக்கட்டி விற்ற ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டாராம். மூலதனமே உருகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன்மேல் இரக்கம் காட்டுங்கள் என்று அந்த வியாபாரி கூவிக்கொண்டிருந்தார். காலத்தின்மீது சத்தியமிட்டு மனிதன் நட்டத்தில் இருக்கிறான் என்று அல்லாஹ் கூறுவதன் பொருள் இதுதான் என்று அந்தப் பெரியவர் உணர்ந்தார். நம் ஆயுளும் அப்படித்தான். விற்றாலும் விற்காவிட்டாலும் உருகுகிறது. ஈமானுக்கும் நற்செயலுக்கும் மாற்றிக்கொண்டது மட்டுமே மிஞ்சும்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த விரிவுரைக்கு உயிருள்ள உதாரணம் வேண்டுமென்றால் அடையாற்றுக் கரைக்குச் சென்றால் போதும். மீன்கூடையின் முன் அமர்ந்திருப்பவரின் மூலதனம் நம் கண்முன்னே உருகுகிறது.

கேட்கப்படும் கேள்வி

அத்தகாஸுர் அத்தியாயத்தின் இறுதியில், அனுபவித்த இன்பங்களைப் பற்றி அந்நாளில் நாம் விசாரிக்கப்படுவோம் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்த இன்பம் எது என்று நபி (ஸல்) அவர்களே ஒருமுறை விளக்கினார்கள். பசியினால் வெளியே வந்த அவர்களும் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் அபுல் ஹைஸம் என்ற அன்ஸாரித் தோழரின் தோட்டத்துக்குச் சென்றார்கள். அவர் பேரீத்தங்குலையும் இறைச்சியும் நன்னீரும் கொடுத்து மகிழ்ந்தார். உண்டு முடித்தபின், குளிர்ந்த நிழலும் நல்ல பழமும் குளிர்ந்த நீரும் மறுமையில் விசாரிக்கப்படும் இன்பங்கள் என்று நபியவர்கள் கூறினார்கள். கியாமத் நாளில் அடியானிடம் முதலில் கேட்கப்படும் நிஃமத்துகளில் உடல்நலமும் குளிர்ந்த நீரும் உண்டு என்று திர்மிதீயின் மற்றோர் அறிவிப்பு கூறுகிறது.

பல நாள் பசித்திருந்த நபியின் ஒருவேளை உணவுக்கு, தோல்பை நீருக்குக் கணக்கு உண்டு என்றால், நம் திருமண மண்டபங்களில் ஐஸ் தொட்டியில் மிதந்து, மூடி திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு வீசப்படும் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் கணக்கு இல்லாமல் போகுமா? குளிர்ந்த நீரைக் குடிப்பது தவறு என்று மார்க்கம் சொல்லவில்லை. நபியவர்களே விரும்பிக் குடித்தார்கள். உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில்தான் விரயத்தை அல்லாஹ் தடுக்கிறான். இன்பம் ஹலால், அதை மறப்பதும் வீணாக்குவதும்தான் கேள்விக்குரியவை.

மலிந்தது மலிந்தபடியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. சோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு காலத்தில் கப்பலில் பனிக்கட்டி வந்த அதே நகருக்குக் குடிநீரும் வெளியூரிலிருந்து வண்டியேறி வர நேர்ந்தது. நாம் பருகும் நீரை மேகத்திலிருந்து இறக்கியவர் யார் என்று கேட்டு, நாடினால் அதை உப்புக்கரிக்கச் செய்திருப்போம் என்றும் அல்வாகிஆ அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். கடலோரத்தில் கிணறு தோண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை.

நிஃமத்துக்கு ஷுக்ர் செய்வது நாவோடு முடிவதில்லை. தம் தாயாருக்காகச் செய்யும் தர்மங்களில் சிறந்தது எது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அவர் ஒரு கிணறு வெட்டினார். கிணறு வெட்ட இயலாதவரும் கோடையில் வாசலில் ஒரு பானை நீர் வைக்கலாம். பொருள் கொண்டுவந்து தரும் இளைஞருக்கும், குப்பை அள்ள வருபவருக்கும், மீன்கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கும் பெண்மணிக்கும், அவர் கேட்கும் முன்பே ஒரு குவளைக் குளிர்ந்த நீர் கொடுக்கலாம். ஸலாஹுத்தீன் அய்யூபி பகைவருக்குக் கொடுத்ததை நாம் அண்டை அயலாருக்குக் கொடுப்பது கடினமன்று. அவர் மலையிலிருந்து கொண்டுவரச் செய்தார். நமக்குக் கதவைத் திறந்தால் போதும்.

கலீஃபாக்களுக்கு அரிதாக்கியதை நமக்கு எளிதாக்கிய அல்லாஹ், அந்த எளிமையிலேயே அவனை மறந்துவிடாத உள்ளத்தையும் நமக்குத் தருவானாக. நம் ஆயுள் என்னும் பனிக்கட்டி உருகி முடிவதற்குள் அதை நற்செயல்களாக மாற்றிக்கொள்ளும் பாக்கியத்தை நம் குடும்பங்களுக்கு அருள்வானாக. ஆமீன்.